திமிங்கல வேட்டைக் கப்பலின் மாலுமிப் பெட்டி: ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

பெட்டியின் நீளம் 42 அங்குலம், உயரம் 17. அகலம் அடியில் 18, வாயில் 16. பலகைகள் எல்லாமே வெள்ளை பைன், கனம் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நான்கு மூலையிலும் புறாவால் பொருத்து (டவ்டெயில்: புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தது). மூடியில் நீளவாக்கில் ஒரு விரிசல். அடிப்பலகை முழு நீளத்துக்கும் பிளந்து, இடைவெளியில் சுண்டுவிரல் நகம் நுழைகிறது. இருபுறமும் கைப்பிடிக் கயிறு கோக்கும் மரக்கட்டைகள் இருக்கின்றன. இடப்பக்கம் மட்டும் கயிறு மிச்சம், அதுவும் இற்றுப்போய். வெளியே நீலப் பெயின்ட். அதன் மேல் பிற்காலத்தில் யாரோ பூசிய பழுப்பு நிறப் பூச்சு. முன்பக்கத்தில் வெள்ளையில் ஜே. ஹெச். என்று இரண்டு எழுத்து.

பெட்டியோடு அதை வைத்திருந்த குடும்பத்தின் கதையும் வந்தது. ஜே. ஹெச். என்ற மூதாதை ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் திமிங்கல வேட்டைக் கப்பலின் கேப்டனாக இருந்தார். பெட்டி அவர் செய்வித்தது. 1871-ல் ஆர்க்டிக் பனியில் கப்பல்கள் சிக்கியபோது அவரோடு தப்பி வந்தது. ஆக மூன்று செய்திகள். இவற்றைச் சோதிக்க இருக்கும் சாட்சிகளில் பாதி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, மீதி பெட்டியின் மேலேயே இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டாவது பாதி ஒரு மதியத்தில் தூசியாகிவிடும். அதனால் முதல் மூன்று நாள் பெட்டியில் எதையும் பழுதுபார்க்கவில்லை. அளந்தது, படம் எடுத்தது, குறித்தது மட்டும்தான் வேலை.

முன்பலகையும் பின்பலகையும் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல. அடி அகலமாக இருந்தால் கப்பல் உருளும்போது பெட்டி கவிழாது. மாலுமிகள் தங்கும் முன்தளத்து அறையில் இருபதுக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். மேசையும் நாற்காலியும் இந்தப் பெட்டிதான். உட்கார்ந்தவரின் குதிகால் பலகையில் இடிக்காமல் இருக்கவும் அந்தச் சாய்வு உதவும். இதில் மூடியின் நடுப்பகுதி ஒரு முழ அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. முன்விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள், புகையிலை நறுக்கியதோ கயிறு அறுத்ததோ. கேப்டனுக்குப் பின்தளத்தில் தனி அறையும் மேசையும் உண்டு. தன் பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. கதையின் முதல் பகுதியில் இங்கேயே சந்தேகம் விழுகிறது.

காலத்தைக் கணிக்க ஆணியும் திருகாணியும் போதும். அடிப்பலகையில் அடித்திருப்பவை இயந்திரத்தில் வெட்டிய ஆணிகள்: குறுக்குவெட்டு செவ்வகம், இரண்டு பக்கம் மட்டும் சரிவு, முனை மொண்ணை. கொல்லுப்பட்டறை ஆணி என்றால் நான்கு பக்கமும் சரியும். கம்பி ஆணி உருண்டையாக இருக்கும், அது பரவலானது 1890-களில். கீல்களில் இருந்த ஆறு திருகாணிகளில் ஐந்துக்குக் கூர்முனை கிடையாது, தலையில் உள்ள வெட்டும் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளியிருக்கிறது. கூர்முனைத் திருகாணிகள் 1840-களின் கடைசியில்தான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. ஆறாவது மட்டும் கூர்முனை. பிற்காலத்தில் யாரோ மாற்றியது. அந்த ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்திருந்தால் பெட்டியின் வயதைத் தவறாகச் சொல்லியிருப்போம். எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தத் துளையில் எது இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வைக்க வேண்டும். பெட்டி 1850-க்கு முன்னோ அதையொட்டியோ செய்யப்பட்டது என்று கொள்ளலாம்.

தொடுவதற்கு முன் ஈயச் சோதனை. 19-ஆம் நூற்றாண்டு எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இல்லையென்றால்தான் ஆச்சரியம். சோதனைக் குச்சி வெள்ளை எழுத்திலும் நீலத்திலும் உடனே சிவந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டிகளில் ஆர்சனிக்கும் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்ப்பது, ஹீட் கன் வைப்பது இரண்டும் கூடாது. நைட்ரைல் கையுறை, பி-100 வடிகட்டி முகமூடி, ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம். தூசியை மென்மையான தூரிகையால் வேக்குவத்தின் வாய்ப்பக்கம் தள்ள வேண்டும். வேக்குவத்தை நேராகப் பலகையில் வைத்தால் உரிந்து நிற்கும் பெயின்ட் செதில்கள் போய்விடும்.

உள்ளே இடது ஓரத்தில் மூடியுள்ள சிறு தட்டறை இருக்கிறது. ஊசி, நூல், சவரக்கத்தி, புகையிலை, கடிதம் வைக்கிற இடம். பக்கப்பலகை முன்னும் பின்னும் காடியில் சொருகியிருக்கும், மூடி ஒரு மரமுளையில் திரும்பும். அதன் இடுக்குகளை வேக்குவம் செய்யக் கூடாது. மூங்கில் குச்சியால் கிளறி, வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பார்க்க வேண்டும். இதில் கிடைத்தவை: துருப்பிடித்த பாய் தைக்கும் ஊசி ஒன்று (முனை முப்பட்டை, அதனால் அடையாளம் எளிது), புகையிலைக் காம்புகள், தாரில் தோய்ந்த நூல் துணுக்கு. ஒவ்வொன்றும் ஜிப் பையில், எந்த இடுக்கு என்ற குறிப்போடு.

பிறகு விளக்கு. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்தால் பெயின்டுக்கு அடியில் இருக்கும் மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். ஜே. ஹெச். எழுத்துகளுக்கு இரண்டு விரற்கடை கீழே நீலத்துக்குள் புதைந்து வேறு இரண்டு எழுத்துகளின் விளிம்பு தெரிந்தது: ஏ. ஆர். அகச்சிவப்பு வடிகட்டியை எடுத்துவிட்ட கேமராவில் அது இன்னும் தெளிவாக வந்தது. கரி கலந்த கறுப்புப் பெயின்ட் என்றால் அகச்சிவப்பில் அப்படித்தான் தெரியும், நீலத்தை அகச்சிவப்பு ஊடுருவிப் போய்விடும். எழுத்தின் மேல் குறுக்காகச் சுரண்டிய தடம். யாரோ வேண்டுமென்றே அழித்துவிட்டு மேலே நீலம் அடித்திருக்கிறார்.

இதற்கு எளிய விளக்கம் உண்டு. கப்பலில் ஒருவர் இறந்தால் அவர் உடைமைகளைப் பாய்மரத்தடியில் மற்ற மாலுமிகளிடம் ஏலம் விடுவார்கள். நடுவழியில் ஓடிப்போனவர்களின் பொருள்களும் அப்படிக் கைமாறியதுண்டு, கரையில் விற்றதும் உண்டு. பெட்டி மூதாதையின் கையில் இருந்திருக்கலாம். அவர் செய்வித்தது அல்ல. பெயர்ச் சுருக்கத்தைத் தமிழ்க் கண்ணோடு படிக்கும்போது இன்னொரு கவனம் தேவை: நமக்கு முதல் எழுத்து அப்பா பெயர். அங்கே முதல் எழுத்து ஆளின் சொந்தப் பெயர், கடைசி எழுத்து குடும்பப் பெயர்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சில் பழுப்புப் பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அப்படியென்றால் அரக்கு. எண்ணெய் வார்னிஷ் என்றால் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்திருக்கும். அரக்கு எத்தனாலில் கரையும். நூற்றைம்பது வருடம் இறுகிய எண்ணெய்ப் பெயின்ட் சட்டென்று கரையாது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பூச்சை எடுக்க முடிந்தது.

கலவையை வலுக்குறைவில் தொடங்க வேண்டும்: எத்தனால் 1 பங்கு, ஒயிட் ஸ்பிரிட் (பெட்ரோலிய டர்பன்டைன்) 3 பங்கு. எத்தனாலில் தண்ணீர் கலந்திருந்தால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஆகவே நீர் நீக்கியதுதான் வேண்டும். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, திசுத்தாளில் ஒரு முறை ஒற்றிவிட்டு, பலகை மேல் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சில் பழுப்பு வந்தால் சரி, நீலம் வந்தால் அந்த இடத்தில் அதோடு நிறுத்த வேண்டும். இதில் 1:2 கலவையில் வேலை நடந்தது. உள்ளங்கை அகல இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பஞ்சு, முன்பலகைக்கு மட்டும் இரண்டு நாள். எழுத்துகளைச் சுற்றி ஒரு அங்குல இடத்தில் அரக்கை எடுக்கவில்லை. வெள்ளை எழுத்தின் விளிம்பு பொடிந்து நின்றது. அரக்குதான் அதைப் பிடித்துவைத்திருந்தது. பழுப்புத் திட்டு கண்ணை உறுத்தும்தான், உறுத்தட்டும்.

பொடிந்த செதில்களுக்கு மீன்பசை, 3 சதவீதம், வெதுவெதுப்பாக. ஜப்பானியத் திசுத்தாளை மேலே வைத்து நுண்தூரிகையால் விட்டால் பசை செதிலுக்கு அடியில் தானே இழுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் கழித்து சிலிகோன் தாள் வைத்து விரலால் மெல்ல அமுக்க வேண்டும். திசுத்தாளை மறுநாள் ஈரப்பஞ்சால் எடுத்துக்கொள்ளலாம்.

உட்புறம் பெயின்ட் இல்லாத வெறும் மரம். வலது மூலையில் தட்டு அளவுக்குக் கறுத்த எண்ணெய்க் கறை, இன்னும் பிசுபிசுப்பு. திமிங்கலக் கொழுப்பை உருக்கிய எண்ணெயாக இருக்க நிறைய வாய்ப்பு. ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய் உண்மையில் திரவ மெழுகு, அது காற்றில் உலர்ந்து இறுகாது. கறை வரலாறுதான், ஆனால் அது புறாவால் பொருத்தின் மேலே படர்ந்திருந்தால் எந்தப் பசையும் ஒட்டாது. மூலையை மட்டும் எண்ணெய் நீக்க வேண்டியதாயிற்று. அதற்கு நம் கடைகளில் கிடைக்கும் முல்தானி மட்டியே போதும், வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். 200 கிராம் மண்ணில் ஒயிட் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி நான்கு மணி நேரம் விட வேண்டும். பிறகு தாளை எடுத்து ஒரு இரவு முழுதும் உலரவிட வேண்டும். ஒயிட் ஸ்பிரிட் ஆவியாகும்போது எண்ணெய் மண்ணுக்குள் ஏறி நிற்கும். காலையில் மண் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கும், மரத் துடுப்பால் தட்டினால் விழும். மூன்று முறை செய்தபோது மூலை வெளுத்தது. தட்டு அளவுக் கறையின் மீதிப்பகுதியைத் தொடவில்லை. இந்த வேலைக்கு ஜன்னல் திறந்த அறை, பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

அடுத்து, விரிசல்களுக்கான காரணம். இது புரியாமல் பட்டி திணித்தவர்கள்தான் இந்தப் பெட்டிகளை அதிகம் உடைத்தவர்கள். பைன் பலகை நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். பலகையின் ஈரம் 6 சதவீதத்திலிருந்து 12-க்குப் போனால் 18 அங்குல அகலத்தில் 5 முதல் 6 மி.மீ. வரை மாற்றம். நியூ இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் காற்று வறண்டுவிடும், கோடையில் மீண்டும் ஈரம் ஏறும். ஆகவே ஒவ்வொரு வருடமும் இந்த அசைவு நடக்கிறது. பெட்டியின் நாலு பக்கப் பலகைகளிலும் மர ஓட்டம் கிடைமட்டம். மூலையில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து அசைவதால் புறாவால் பொருத்து அவ்வளவாகக் கெடுவதில்லை. அடிப்பலகையும் மூடியும்தான் சிக்கல். அடிப்பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்க்கிறது; இரண்டு முனைகளிலும் ஆணிகள் அதைப் பக்கப்பலகையோடு பிடித்திருக்கின்றன; அடியில் குறுக்கே அடித்த இரண்டு கால்சட்டங்களும் சேர்ந்து பிடிக்கின்றன. நகர வழியில்லாத பலகை பிளக்கிறது. மூடியிலும் அதே கதை, அங்கே குற்றவாளி முனைகளில் குறுக்கே அடித்த சட்டம்.

மூடியின் முனைச் சட்டத்தைக் கழற்ற ஆணியை இழுத்தால் தலை கழன்றுவிடும். சாலிடரிங் அயர்னை ஆணித் தலையில் ஒரு நிமிடம் வைத்தால் சூட்டில் ஆணி விரிந்து, ஆறும்போது துருவின் பிடி விடும். பிறகு மெல்லிய தகட்டைச் சட்டத்தின் அடியில் செருகி, சிறிது சிறிதாக நெம்பினால் ஆணியோடு வரும். பதினோரு ஆணிகளில் ஒன்பது முழுதாக வந்தன. சட்டம் கழன்ற மறுநாளே விரிசல் பாதி மூடிக்கொண்டது. மீதியைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும்; கைப்பலத்தில் மூடினால் பசை போட்டு கிளாம்ப் வைக்கலாம். அதற்கு மேல் பலம் தேவைப்பட்டால் வற்புறுத்தக் கூடாது, பழைய பைன் துண்டில் மெல்லிய பட்டை சீவி இடைவெளியில் பொருத்துவதே சரி. இதில் கை போதுமாயிற்று. சட்டத்தைத் திரும்ப அடிக்கும்போது முன்பக்க ஆணித் துளை மட்டும் இறுக்கம். மற்ற துளைகளை அரத்தால் பக்கத்துக்கு 3 மி.மீ. நீட்டிவிட்டு அதே பழைய ஆணிகள். இனி மூடி முன்விளிம்பிலிருந்து பின்பக்கமாக அசைந்துகொள்ளும்.

அடிப்பலகையின் இடைவெளிக்கு எதையும் அடைக்கவில்லை. குளிர்காலத்தில் அடைத்துவிட்டால் கோடையில் விரிவதற்கு இடமில்லாமல் பலகை பக்கங்களை வெளியே தள்ளும், புறாவால் பொருத்து திறக்கும். 2 மி.மீ. கனம், ஒன்றரை அங்குல அகலம் உள்ள பைன் பட்டையை உள்ளே இடைவெளியின் மேல் வைத்து, ஒரு பக்கம் மட்டும் பசை. மறுபக்கம் பலகை அதன் அடியில் வழுக்கி ஓடும். இடது கால்சட்டம் தளத்து ஈரத்தில் உளுத்து மாவாகியிருந்தது. புதுச் சட்டம் ஒன்றரைக்கு ஒரு அங்குலம், நடுவில் ஒரு திருகாணி இறுக்கமாக, இரண்டு ஓரத்திலும் நீள்துளையில் தளர்வாக.

பசை முழுக்க வஜ்ஜிரம்தான், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை பழைய வஜ்ஜிரத்தின் மேல் ஒட்டாது. ஒட்டினாலும் அடுத்த தலைமுறைத் தச்சரால் மரத்தைப் பிளக்காமல் அதைப் பிரிக்க முடியாது. வஜ்ஜிரம் 50 கிராம், குளிர்ந்த நீர் 100 மி.லி., ஒரு இரவு ஊறவேண்டும். மறுநாள் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் உருக்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் வலு போய்விடும், கொதித்தால் கொட்டிவிட வேண்டியதுதான். தூரிகையைத் தூக்கினால் பசை அறுபடாமல் நூலாக இறங்க வேண்டும், சொட்டுச் சொட்டாக விழுந்தால் தண்ணீர் அதிகம். மரத்தை ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கிவிட்டு, தடித்த ஊசிச் சிரிஞ்சால் மூலைப் பொருத்துக்குள் செலுத்தி உடனே கிளாம்ப். ஒரு நிமிடம்தான் அவகாசம். குளிர்ந்த மரத்தில் பசை தொட்டவுடன் கூழாகிவிடும், உள்ளே போகாது. வெளியே பிதுங்குவதைப் பார்த்து நன்றாக ஒட்டிவிட்டது என்று ஏமாறுவது அடிக்கடி நடக்கிற தவறு.

அடி ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்து, நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தது. உப்பேறிய ஈரமரத்தில் இரும்பு துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும். உப்பு இருக்கிறதா என்று பார்க்க, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மையொற்றுத்தாளைப் பலகையில் பத்து நிமிடம் ஒட்டிவைத்து எடுத்து, அதைச் சிறிது நீரில் பிழிந்து, சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டால் பால்போல் கலங்கும். கலங்கியது. அதனால் பெட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவி உப்பை எடுக்கலாம் என்ற எண்ணம் வரக் கூடாது. பெயின்டும் பொருத்தும் போய்விடும். காற்றின் ஈரப்பதத்தை 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் உப்பு அமைதியாக இருக்கும். உதிர்ந்த மரத்துக்கு அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின், 10 சதவீதம், தூரிகையில் மூன்று முறை.

கீல்களையும் பூட்டையும் பெட்டியிலிருந்து கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும், மரத்தில் பட்டால் கறை போகாது. பித்தளைத் தூரிகையால் உதிர்துருவை எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் நாலு நாள் ஊறவைத்து (தினமும் நீர் மாற்றி, சில்வர் நைட்ரேட்டில் கலங்குவது நிற்கும் வரை), உலர்த்தி, டானிக் அமிலம் 5 சதவீதக் கரைசல் இரண்டு பூச்சு. இரும்பு நீலம் பாரித்துக் கறுக்கும். கடுக்காய் நீரும் இரும்பும் சேர்ந்து மை ஆவது இதே வேதியியல்தான். ஆனால் கடுக்காய்க் கஷாயத்தில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும், இங்கே வேண்டாம். கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு.

கயிற்றுக் கைப்பிடிதான் இந்த வேலையில் கைக்கும் கண்ணுக்கும் பிடித்த பகுதி. மாலுமிகள் தங்கள் கைத்திறனைக் காட்டியதும் இங்கேதான். இடப்பக்கத்துப் பழைய கயிற்றை அப்படியே விட்டாயிற்று, இனி அது சுமை தூக்காது. வலப்பக்கத்துக்கு மட்டும் புதியது. அமைப்பு இரண்டு பகுதி: கையில் பிடிக்கும் வளைவு ஒன்று, மரக்கட்டையின் துளைக்குள் கிடைமட்டமாக ஓடும் அச்சுக்கயிறு ஒன்று. வளைவின் இரண்டு முனையிலும் கண், அதாவது கயிற்றையே மடக்கிக் கோத்த வளையம். அச்சுக்கயிறு ஒரு கண், மரக்கட்டை, மறு கண் வழியாகப் போய் இருபுறமும் பெரிய முடிச்சில் நிற்கும்.

வளைவுக்கு 12 மி.மீ. தடிமன் தாரூட்டிய சணப்பு முப்புரிக் கயிறு 36 அங்குலம். இரண்டு முனையிலும் புரிகளைப் பிரித்து, கண் அளவு விட்டு, தாய்க்கயிற்றுக்குள் மூன்று முறை கோத்து வாங்க வேண்டும். இயற்கை நாருக்கு மூன்று போதும், நைலானுக்குத்தான் ஐந்து. முடிந்தபின் நடுப்பகுதி 14 அங்குலம் நிற்கும். இனி மூன்று உறை. முதலில் புரிகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் 2 மி.மீ. தார்நூலைப் பதித்துக் கயிற்றை உருண்டையாக்க வேண்டும். அதன் மேல் ஒரு அங்குல அகலக் கித்தான் நாடா. இந்த இரண்டும் கயிற்றின் முறுக்குப் போக்கிலேயே போக வேண்டும். மூன்றாவது, மேலே நெருக்கிச் சுற்றும் தார்நூல், முறுக்குக்கு எதிர்ப்போக்கில். பெட்டியைத் தூக்கும்போது கயிறு முறுக்கவிழப் பார்க்கும். எதிராகச் சுற்றிய நூல் அப்போது இறுகும், அதே போக்கில் சுற்றியது நெகிழ்ந்து கழலும். முதல் முயற்சியில் நடந்தது அதுதான்: இரண்டு தூக்கலில் நடுவே நூல் விலகிக் கித்தான் பல்லிளித்தது, அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. உறை ஏறியபின் கயிற்றின் குறுக்களவு 16 மி.மீ., 14 அங்குலத்தில் சுமார் 200 சுற்று, கணக்குப்படி 10 மீட்டர் நூல். 12 மீட்டர் வெட்டிக்கொள்வது நல்லது, நடுவில் நூல் தீர்ந்தால் ஒட்டுப்போட்ட இடம் கையை அறுக்கும்.

அச்சுக்கயிறு 38 அங்குலம். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, தோல் வளையம், கண், மரக்கட்டை, கண், தோல் வளையம் என்று கோத்த பிறகே மறுமுனையில் முடிச்சு. பெஞ்சில் வைத்து இரண்டு முடிச்சையும் அழகாகப் போட்டுவிட்டுக் கட்டையைப் பார்த்து விழிப்பவர்கள் உண்டு. பூச்சு: பைன் தார் 1 பங்கு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் 1 பங்கு, டர்பன்டைன் அரைப் பங்கு. துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அந்த எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்த வேண்டும்.

குடும்பக் கதைக்கு வரலாம். கேப்டன் என்ற பகுதி சுலபமாகத் தீர்ந்தது. நியூ பெட்ஃபோர்டு வேல் மியூசியமும் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகமும் இணையத்தில் வைத்திருக்கும் அமெரிக்கத் திமிங்கல வேட்டைப் பயணப் பட்டியலில் 15,000-க்கு மேற்பட்ட பயணங்கள் உள்ளன. கப்பல், துறைமுகம், புறப்பாடு, கேப்டன் பெயர் வாரியாகத் தேடலாம். குடும்பப் பெயரில் கேப்டன் யாரும் இல்லை. அடுத்து ஆட்பட்டியல். வெளிநாடு போகும் ஒவ்வொரு கப்பலின் கேப்டனும் சுங்க அதிகாரியிடம் மாலுமிப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்பது 1803-ல் வந்த அமெரிக்கச் சட்டம். பெயர், பிறந்த ஊர், வசிக்கும் ஊர், குடியுரிமை, வயது, உயரம், தோல் நிறம், முடி நிறம் எல்லாம் அதில் உண்டு. உயரமும் முடி நிறமும் பயனற்ற விவரம்போல் தெரியும். ஆனால் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும்போது அடுத்தடுத்த பயணங்களில் போனவர் ஒரே ஆளா என்று தீர்மானிப்பது அதை வைத்துத்தான். வயதும் ஊரும் உயரமும் ஒத்துவந்த ஜே. ஹெச். 1840-களின் கடைசியில் கடலுக்குப் புதியவராகப் புறப்பட்டிருக்கிறார்.

புதியவருக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். கேப்டனுக்கு ஏறத்தாழ 1/12-லிருந்து 1/17 வரை, புதியவருக்கு 1/175, 1/200 என்ற அளவில். வகுக்கும் எண் பெரிதானால் பங்கு சிறிது. குடும்பத்தில் "190-ஆவது பங்கு" என்ற சொல் பெருமையாகக் கைமாறி வந்திருந்தது. கணக்குப் போட்டால்: மூன்று நான்கு வருடப் பயணத்தின் எண்ணெயும் திமிங்கல வாயின் பலீன் தகடுகளும் 50,000 டாலருக்குப் போனால் 1/190 என்பது 263 டாலர். அதிலிருந்து முன்பணம், கப்பல் கடையில் கடனாக வாங்கிய சட்டை, புகையிலை எல்லாம் கழியும்.

ஏ. ஆர். யார் என்பதற்குப் பட்டியலில் தேடும்போது எழுத்துப்பிழையை மட்டும் எதிர்பார்த்தால் போதாது. அசோர்ஸ், கேப் வெர்ட் தீவுகளிலிருந்து நிறையப் பேர் இந்தக் கப்பல்களில் சேர்ந்தார்கள். அவர்களின் போர்ச்சுகீசியப் பெயர்களை ஆங்கிலப் பெயராக்கி எழுதினார்கள்: ரோட்ரிக்ஸ் என்பது ரோஜர்ஸ் ஆனது, பெரெய்ரா என்பது பெர்ரி ஆனது. இரண்டு வடிவத்திலும் தேட வேண்டும். அதே கப்பலின் பட்டியலில் அந்தச் சுருக்கத்துக்குப் பொருந்தும் பெயர்கள் இரண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கதையை முடிக்கும் ஆசை வரும். பெட்டியோடு வைத்த குறிப்பில் இரண்டு பெயருமே இருக்கின்றன.

1871 கதைதான் நிற்கவே இல்லை. அந்த செப்டம்பரில் வடக்கு அலாஸ்காக் கரையோரம் பனி நெருக்கி 33 கப்பல்கள் கைவிடப்பட்டன. 1,219 பேர் வேட்டைப் படகுகளில் ஏறி, பனிக்கு வெளியே காத்திருந்த ஏழு கப்பல்களை அடைந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. ஆறு பேர் உட்காரும் படகில் அதற்கு மேலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டவர்கள் மூன்றரை அடி மரப்பெட்டியைக் கூட எடுத்து வந்தார்கள் என்று நம்ப முடியாது. தவிர, 1859-ல் பென்சில்வேனியாவில் கல்லெண்ணெய்க் கிணறு தோண்டியபின் வேட்டைத் தொழில் இறங்குமுகம்; 1857-ல் 329 கப்பல்கள் வைத்திருந்த நியூ பெட்ஃபோர்டிலிருந்து ஜே. ஹெச். மூன்றாவது பயணத்தோடு நின்றுவிட்டார், பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை.

இப்படிப்பட்ட பெட்டிகளில் சில சமயம் கீறல் சித்திரம் போட்ட ஸ்பெர்ம் திமிங்கலப் பல் கிடைக்கும். இதில் இல்லை. கிடைத்தால் விற்பதற்கோ வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கோ முன் சட்டம் பார்க்க வேண்டும்: அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளுக்கான 1972 சட்டமும் அழியும் உயிரினங்களுக்கான 1973 சட்டமும், எல்லை தாண்டினால் அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. தமிழகக் கடற்கரைகளில் அம்பர்கிரிஸ் (ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் வாசனைப் பொருள்) பறிமுதல் என்று அடிக்கடி செய்தி வருவது இதே திமிங்கலத்தை வைத்துத்தான்.

வெளிப்பூச்சாக எதுவும் அடிக்கவில்லை. பெயின்ட் உறுதியாக இருக்கும் இடங்களில் மட்டும் மெழுகு, மெல்லிய ஒரே ஒரு பூச்சு. தட்டறை மூடியின் தேய்ந்த முளைக்குப் பதில் புதிய ஓக் முளை, கால் அங்குலம். புதுக் கால்சட்டத்தின் அடியிலும் புதுக் கயிற்றின் கண்ணுக்கு உள்ளேயும் ஆண்டு குறித்தாயிற்று. நெம்பியபோது உடைந்த இரண்டு ஆணிகளும் ஆறாவது திருகாணியும் பாய் ஊசியோடு ஒரே பையில், தட்டறைக்குள். பெட்டியைத் தூக்குபவர்கள் கயிற்றைப் பிடிக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும் என்று மூடியின் உட்புறம் நூலில் ஒரு சீட்டு தொங்குகிறது.